ஓர் எழுத்து பிசகினால் உழைப்பெல்லாம் போச்சு!



வெளிநாட்டில் உழைக்கும் மகன் தொலைபேசியில் கேட்கிறான்: "வாப்பா, நம்ம பேங்க் ஸ்விஃப்ட் கோடு என்ன?" வாப்பாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கிறார். அவன் கைபேசியில் எதையோ தட்டி, எட்டு எழுத்துகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிறான். அந்தத் துண்டுக் காகிதத்தை நம்பி மூன்று மாதச் சம்பளம் கடல் தாண்டிப் புறப்படுகிறது!

அந்த எட்டு எழுத்துகளைச் சரிபார்த்தது யார்? யாருமில்லை!

இறால் வாங்கும்போது எடை போட்டுப் பார்க்கிறோம். நண்டு வாங்கும்போது கால் முறிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். ஐநூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். ஆனால் லட்ச ரூபாய் போய்ச் சேர வேண்டிய முகவரியை மட்டும் யாரோ சொன்னார்கள் என்று எழுதிக் கொடுத்து விடுகிறோம். இது நியாயமா? சிந்திக்க வேண்டாமா?

பழவேற்காடு ஏரிக்கரையைப் பாருங்கள். சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், பழவேற்காடு என்று நீளும் இந்தக் கரையோர ஊர்கள் ஏரியை நம்பி வாழ்ந்தவை. முகத்துவாரம் மணல் மூடும்போதெல்லாம் வலையில் விழுவது குறைகிறது. கரையில் வருமானம் குறைந்தால் பிள்ளைகள் வெளியே பிழைப்புத் தேடுவார்கள். வியாபாரி வெளிநாட்டுச் சரக்கையும் வெளிநாட்டு வாடிக்கையாளரையும் தேடுவார். அப்போது முதலில் தேவைப்படுவது இந்தக் குறியீடுதான்.

இது நம் மக்களுக்குப் புதிய தொழிலும் அல்ல. மலாய் நாட்டில் இன்றும் உடுத்தப்படும் கைலிக்கு 'பெலிக்காட்' என்று பெயர். அந்தப் பெயர் நம் பழவேற்காட்டிலிருந்து போனது! 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி அமர்ந்ததும் இந்தத் துணி வணிகத்துக்காகத்தான். கடல் கடந்து வணிகம் செய்த ஊர்க்காரர்கள் இன்று எட்டு எழுத்துகளைக் கண்டு தடுமாறலாமா?

சிறிய கணக்கும் அல்ல இது. ரிசர்வ் வங்கி 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2023-24-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் தமிழகத்தின் பங்கு 10.4 சதவீதம். மராட்டியத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் நமக்கு. பத்து ரூபாய் வந்தால் ஒரு ரூபாய்க்கு மேல் தமிழ் வீடுகளுக்கு வருகிறது.

ஸ்விஃப்ட் என்றால் என்ன?

பலரும் நினைப்பதுபோல் ஸ்விஃப்ட் பணம் அனுப்பும் நிறுவனம் அல்ல. அது வங்கிகளுக்கு இடையே கடிதம் கொண்டுபோகும் தபால்காரர். 1973-ல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் இதை உருவாக்கின. 1977-ல் வேலையைத் தொடங்கியது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000-க்கும் அதிகமான நிறுவனங்கள் இதில் இணைந்துள்ளன. "இன்னார் கணக்கில் இவ்வளவு சேர்த்துவிடு" என்ற செய்தியை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இது கொண்டு சேர்க்கிறது. பணம் வங்கிகளின் கணக்குகள் வழியாகத்தான் நகர்கிறது.

தபால்காரருக்கு முகவரி வேண்டுமல்லவா? அந்த முகவரிதான் ஸ்விஃப்ட் கோடு. பி.ஐ.சி. என்றும் சொல்வார்கள்.

அதில் 8 குறிகள் இருக்கும்; அல்லது 11 இருக்கும். 9 அல்லது 10 இருந்தால் அது தவறு என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம். முதல் நான்கு வங்கியின் அடையாளம். அடுத்த இரண்டு நாடு. அதற்கடுத்த இரண்டு இடம். கடைசி மூன்று இருந்தால் அது கிளை.

ஸ்டேட் வங்கியின் குறியீட்டைப் பாருங்கள்: எஸ், பி, ஐ, என் - இது வங்கி. ஐ, என் - இந்தியா. பி, பி - இடம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் இடத்துக்கு அதே பி, பி தான் வருகிறது. ஆகவே "எங்க ஊர் பெயர் இதில் இல்லையே" என்று குழம்ப வேண்டாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து ஒரு 'பி'. பதினாறாவது எழுத்தும் ஒரு 'பி'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்! போனில் சொன்னாலும் ஒன்றுபோலவே காதில் விழும். அரபு மொழியிலோ அந்தப் பதினாறாவது எழுத்தின் ஓசைக்கு எழுத்தே கிடையாது. அங்குள்ள வங்கி ஊழியர் அரபியராக இருந்து, நம் பிள்ளை வாயால் சொல்லி, அவர் காதால் கேட்டு எழுதினால் என்ன ஆகும்? எனவே குறியீட்டை வாயால் சொல்லாதீர்கள். ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைக் காட்டுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ளதைப் பார்த்தும் யாரும் படிவம் நிரப்ப வேண்டாம்!

நம் ஊர்க் கிளைக்குக் குறியீடு உண்டா?

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். "சுண்ணாம்புக்குளம் கிளை ஸ்விஃப்ட் கோடு", "கும்மிடிப்பூண்டி கிளை ஸ்விஃப்ட் கோடு" என்று தேடுகிறார்கள். எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் கோடு கிடையாது! அந்நியச் செலாவணி பார்க்கும் குறிப்பிட்ட கிளைகளுக்கே அது உண்டு. சிற்றூர்க் கிளையில் கணக்கு இருந்தால், வங்கி சொல்லும் நகரக் கிளையின் அல்லது தலைமை அலுவலகத்தின் ஸ்விஃப்ட் கோடு வழியாகப் பணம் இந்தியாவுக்குள் வரும். அங்கிருந்து நம் கிளைக்கு வழிகாட்டுவது ஐ.எஃப்.எஸ்.சி. கோடு.

ஐ.எஃப்.எஸ்.சி. என்பது இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. அதில் 11 குறிகள். முதல் நான்கு வங்கி. கடைசி ஆறு கிளை. நடுவில் ஐந்தாவதாக வருவது எப்போதும் பூஜ்யம். அது ஆங்கில 'ஓ' எழுத்து அல்ல! பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்று எழுதி, பணம் போகவில்லை என்று அலைகிறவர்கள் எத்தனை பேர்!

11 குறி ஸ்விஃப்ட் கோடையும், 11 குறி ஐ.எஃப்.எஸ்.சி. கோடையும் மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் ஐ.எஃப்.எஸ்.சி. ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டின் எழுத்தாக இருந்தால் ஸ்விஃப்ட்.

இன்னொரு குழப்பம் ஐபேன். அமீரகக் கணக்குகளுக்கு 23 குறியும், சவூதிக் கணக்குகளுக்கு 24 குறியும் கொண்ட ஐபேன் எண் உண்டு. இந்தியாவில் ஐபேன் முறை இல்லை. "உங்க ஊர் கணக்கின் ஐபேன் கொடு" என்று அங்கே யாராவது கேட்டால், இந்தியாவுக்குக் கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு, ஐ.எஃப்.எஸ்.சி. கோடு என்று சொல்லுங்கள். "இந்திய ஐபேன் தயாரித்துத் தருகிறோம்" என்று எவராவது சொன்னால் விலகி ஓடுங்கள்!

வளைகுடாவில் உள்ள எக்ஸ்சேஞ்ச் கடைகள் மூலம் அனுப்பினால் பெரும்பாலும் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் போதும். வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும்போதும், வியாபாரத் தொகை வரும்போதும் ஸ்விஃப்ட் கோடு தேவைப்படும்.

செத்துப்போன குறியீடுகள்

பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் கோடு எழுதுகிறீர்களா? உஷார்!

2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் வங்கியின் ஐந்து துணை வங்கிகளும் அதனோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

வங்கி இணைந்தால் குறியீடும் மாறும். சிண்டிகேட் வங்கியின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடுகளும் ஸ்விஃப்ட் கோடும் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவை. ஆனால் அந்தப் பழைய கோடுகள் பீரோவில் உள்ள பாஸ்புக்கில் அப்படியே இருக்கின்றன. ஊர் பேர் தெரியாத எத்தனையோ தளங்களிலும் அப்படியே கிடக்கின்றன. மையத்தான குறியீட்டின் பெயரில் பணம் அனுப்பினால் யார் வாங்குவார்?

பெயர் சரியாக இருந்தால் போதுமா?

"கோடு ஒன்று தப்பினாலும் என் பெயர் இருக்கிறதே, பேங்க்காரன் பார்த்துக்கொள்ள மாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்க மாட்டான்! 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2011 ஜனவரி 1 முதல் மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று அதில் அனுமதித்தது. எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது.

வங்கி உங்கள் பெயரை ஒப்பிட்டுப் பார்த்துக் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. எண் இன்னொருவருடையதாக இருந்தால் பணம் அவர் கணக்கில் விழும். அவர் சம்மதிக்காமல் வங்கி தானாக எடுத்துத் தர முடியாது. எண்ணே இல்லாத எண்ணாக இருந்தால் பணம் பல நாள் சுற்றிவிட்டுத் திரும்பும். இடையில் உள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்நாட்டு நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றங்களில் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் ஷார்ஜாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஸ்விஃப்ட் வழியே வரும் பணத்துக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

குறியீடு சரி, ஆள் சரியா?

வியாபாரிகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். குறியீடு உண்மையானது என்பதால் கணக்குக்காரர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார். திருடனும் உண்மையான வங்கியில்தான் கணக்கு வைத்திருப்பான்!

2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் மத்திய வங்கிக்கு நடந்தது உலகறிந்த செய்தி. கணினிக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க்கில் இருந்த அந்த நாட்டின் பணத்தை மாற்றச் சொல்லி ஸ்விஃப்ட் வழியே 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்று பார்த்து நாள் குறித்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போனது. 2 கோடி டாலர் இலங்கைக்குப் போனது. இலங்கைப் பணம் மட்டும் தப்பியது. எப்படி? பெறும் அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த வங்கியில் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்வி 2 கோடி டாலரைக் காப்பாற்றியது!

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் இதே நடந்தது. துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்று போலி உத்தரவுகள் ஸ்விஃப்ட் வழியே பறந்தன. குறியீடுகள் எல்லாம் சரியானவையே! மறுநாள் காலை கணக்கை ஒத்துப் பார்த்ததால்தான் வங்கி விழித்துக்கொண்டது. துபாய்க்குப் போன தொகையை வழியிலேயே தடுக்க முடிந்தது.

நூறாண்டு கடந்த வங்கிக்கே இந்த நிலை என்றால், கைபேசியில் வியாபாரம் நடத்தும் நமக்கு?

சீனாவிலிருந்து சரக்கு வாங்குகிறீர்கள். ஒரு நாள் கடிதம் வருகிறது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்." பதறி அனுப்பி விடாதீர்கள்! புதிய குறியீட்டின் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளைப் பாருங்கள். சரக்கு தருபவர் சீனாவில் இருக்க, குறியீடு வேறு நாட்டைக் காட்டினால் நில்லுங்கள். நாடு சரியாகவே இருந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணில் பேசாமல், உங்களிடம் முன்பே உள்ள பழைய எண்ணில் பேசி, தெரிந்த குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

"உண்டியல்தான் சுலபம்" என்பவர்களுக்கு

"இவ்வளவு தொல்லை எதற்கு? உண்டியலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கையில் பணம்!" என்கிறார்கள் சிலர். உண்மைதான். நம் முன்னோர் காலத்தில் உண்டியல் நாணயமான வணிக முறையாக இருந்தது. ஆனால் இன்றைய சட்டம் வேறு. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின்படி, மீறிய தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். 2005 முதல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டமும் வந்துவிட்டது.

உண்டியலில் பணம் வந்ததற்கு ரசீது உண்டா? மகன் பத்தாண்டு உழைத்து அனுப்பிய பணத்தில் வீடு கட்டினால், "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குக் காட்டத் தாள் உண்டா? ஏற்றுமதி செய்தவருக்கு வரவுச் சான்று கிடைக்குமா? கிடைக்காது! வியர்வை சிந்தி உழைத்த காசுக்கு ஆதாரம் இல்லாமல், சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுக்கலாமா? நேர்மையான காசு நேர்மையான வழியில், எழுத்தோடு வரட்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் 2:282-ஆவது வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்பதையும் அதே வசனம் சொல்கிறது. இளைஞர்களே, இது உங்களுக்கு!

செய்ய வேண்டியவை

ஒன்று: குறியீட்டை உங்கள் கணக்கு உள்ள வங்கியில் நேரில் கேளுங்கள். "வெளிநாட்டிலிருந்து என் கணக்குக்குப் பணம் வர எந்த ஸ்விஃப்ட் கோடு?" என்று கேட்டு, வங்கி முத்திரையோடு எழுதி வாங்குங்கள்.

இரண்டு: அதை இன்னொரு இடத்தில் ஒத்துப் பாருங்கள். ஸ்விஃப்ட் கோடை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும், ஐ.எஃப்.எஸ்.சி. கோடை ரிசர்வ் வங்கியின் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அனுப்பாதீர்கள்.

மூன்று: முதல் தடவை அனுப்பும்போதும் பெருந்தொகை அனுப்பும்போதும் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும். முழுத் தொகையையும் இழப்பதை விட அது மேல்.

நான்கு: அனுப்பிய ஆதாரத் தாளைக் கட்டாயம் வாங்குங்கள். அதில் யு.இ.டி.ஆர். என்ற 36 குறி கொண்ட கண்காணிப்பு எண்ணைக் கேளுங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட அதுவே சாவி.

ஐந்து: தவறு நடந்துவிட்டால் அன்றே அனுப்பிய வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மோசடி என்றால் உடனே 1930-ஐ அழையுங்கள். நம் நாட்டு வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு உதவி எண் 14448.

வங்கிகளுக்கும் ஒரு கேள்வி!

எல்லாப் பழியையும் மக்கள் மீது போட முடியாது. ஐ.எஃப்.எஸ்.சி. கோடைக் காசோலையிலும் பாஸ்புக்கிலும் அச்சிடத் தெரிந்த வங்கிகளுக்கு, வெளிநாட்டுப் பணம் வர வேண்டிய ஸ்விஃப்ட் கோடை அதன் கீழே ஒரு வரி சேர்க்கத் தெரியாதா? மீனவனுக்கும் சிறு வியாபாரிக்கும் புரியும்படி தமிழில் விளக்கி ஒரு அறிவிப்புப் பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? நாங்கள் சலுகை கேட்கவில்லை. எங்கள் பணத்தின் முகவரியைத்தான் கேட்கிறோம்!

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, ஊரார் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு கிளை மேலாளரிடமும் கொடுங்கள். இளைஞர்கள் வாரம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வருகிறவர் முஸ்லிமா, மீனவச் சகோதரரா என்று பார்க்காமல் குறியீட்டைச் சரிபார்த்து, தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஒரே நிபந்தனை: ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள். குறியீடு ஊருக்குத் தெரியலாம்; ரகசிய எண் உரியவருக்கு மட்டுமே.

பாலைவன வெயிலில் நிற்கிற பிள்ளையின் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். அதன் முகவரியைச் சரியாக எழுதிக் கொடுப்பது படித்த இளைஞன் செய்யக்கூடிய மிகச் சிறிய, ஆனால் மிகப் பெரிய உதவி. வரும் வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள்!